கழுவிவிட்டுத் தைக்கலாம்

நீடில் ஹோல்டரின் ஒரு வளையத்தில் கட்டை விரல், இன்னொன்றில் மோதிர விரல். சுட்டு விரல் நீண்டு கருவியின் முதுகில் படிந்திருக்க வேண்டும். ஊசியை அதன் முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிக் கவ்வ வேண்டும். நூல் பொருந்தியிருக்கும் இடத்தையே கவ்வினால் ஊசி வளைந்துவிடும். முனைக்கு அருகில் கவ்வினால் எதிர்ப்பக்கம் எழுந்து வர நீளம் போதாது. இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தால் சொல்லித்தர முடியாதது மணிக்கட்டு. வளைந்த ஊசியைத் தள்ளக் கூடாது. தோலில் செங்குத்தாக இறக்கி மணிக்கட்டைத் திருப்பினால், அது தன் வளைவின் வழியே போய்த் தானாக எழும். தள்ளுகிற கைக்கு ஊசி ஆழமே போகாமல் மேலோட்டமாக வெளியே வரும். திருப்புகிற கைக்கு ஒரே ஆழத்தில் இரண்டு கரையும் கிடைக்கும்.

ஹவுஸ் சர்ஜனாக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் முன்பே இதை ஹாஸ்டல் அறையில் பழகத் தொடங்கியிருந்தோம். வாழைப்பழம் நல்ல வாத்தியார். தோலைக் கீறி, உள்ளே பழத்தில் ஊசி படாமல் தைக்க வேண்டும். ஆழம் தப்பினால் உடனே தெரிந்துவிடும். தோலுரிக்காத கோழிக்கால் அதைவிடக் கடினம், வழுக்கும். கறிக்கடையில் தோலோடு ஒரே ஒரு கால் மட்டும் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். ஸ்பாஞ்சின் மேல் ரெக்சினைப் போர்த்தித் தைத்த தோழிகளும் உண்டு. முடிச்சுக்குக் கட்டில் கால், கதவுக் கைப்பிடி, கோட்டின் பொத்தான் என்று நூல் கட்ட முடிந்த எதுவும் தப்பவில்லை.

இது புதுப் பழக்கமும் அல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் மாணவன் எதை எதில் பழக வேண்டும் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. வெட்டப் பழகச் சுரைக்காய், வெள்ளரி. தைக்கப் பழக மெல்லிய துணி, தடித்த துணி, மிருதுவான தோல். பிரான்சில் லியோன் நகரத்தில் அலெக்சிஸ் காரெல் என்ற இளம் மருத்துவர் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். 1894-இல் அந்த ஊரில் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்திக்குத்துப்பட்டு, கல்லீரலுக்குப் போகும் பெரிய நாளம் அறுந்து இறந்துபோனார். அறுந்த ரத்தக்குழாயைத் தைக்க அன்று யாருக்கும் தெரியவில்லை. காரெல் அதைத் தைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தப் பூவேலைக்காரப் பெண்மணியைப் பற்றி எங்கள் பாடப்புத்தகங்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்குக் குறைதான்.

மைனர் ஓ.டி.க்குப் போன பிறகு இந்த விரல் வித்தை எல்லாம் வேலையின் சின்னப் பகுதி என்று தெரிந்தது. அங்கே எங்களுக்கு மூன்று குரு. யூனிட்டின் உதவிப் பேராசிரியர் சார், பி.ஜி. அக்கா, ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த சிஸ்டர். மூவரில் அதிகம் பேசியவர் சிஸ்டர்தான். நாங்கள் கையுறை மாட்டிக்கொண்டு நேராக நூல் பாக்கெட்டை நோக்கிப் போனால், “கழுவிட்டுத் தைக்கலாம் டாக்டர், காயம் எங்கேயும் ஓடிடாது” என்பார்.

கழுவுவது என்றால் பீட்டாடைன் பஞ்சால் ஒரு துடைப்பு அல்ல. சலைன் பாட்டிலைத் திறந்து, 20 மில்லி சிரிஞ்சில் இழுத்து, அழுத்தத்தோடு பீய்ச்ச வேண்டும். திரும்பத் திரும்ப, மண்ணும் கட்டி ரத்தமும் போய்ச் சதை தன் நிறத்தில் தெரியும்வரை. பீட்டாடைன் சுற்றியுள்ள தோலுக்குத்தான். திறந்த சதைக்குள் அதை அப்படியே ஊற்றினால் கிருமியோடு ஆறவேண்டிய செல்களும் சாகும். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் தொற்று கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே தண்ணீரின் தரத்தைவிட அளவில் கஞ்சத்தனம் காட்டாததுதான் முக்கியம். பைக்கில் இருந்து விழுந்தவர்களின் முழங்கையில் தார்ச்சாலையின் கருந்துகள்கள் பதிந்திருக்கும். அவற்றைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் ஆறிய தோலுக்கடியில் பச்சை குத்தியதுபோல் ஆயுளுக்கும் நிற்கும்.

கழுவும்போதுதான் காயம் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பது இரண்டாவது பாடம். ரத்தத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? நரம்பு, தசைநார், எலும்பு, கண்ணாடித் துண்டு? தேங்காய் உடைக்கும்போது உள்ளங்கையில் அரிவாள் பட்டவர், டம்ளர் உடைந்து விரலைக் கிழித்துக்கொண்டவர் போன்றோருக்கு மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டச் சொல்ல வேண்டும். விரல் நுனியின் இரண்டு பக்கமும் தொட்டு உணர்ச்சி கேட்க வேண்டும். ஊசி போட்ட பிறகு உணர்ச்சி இல்லை என்றால் அது மருந்தாலா, நரம்பு அறுந்ததாலா என்று சொல்ல யாராலும் முடியாது. தசைநார் அறுந்ததைப் பார்க்காமல் மேல் தோலை அழகாகத் தைத்து அனுப்பினால், தையல் ஆறும், விரல் மடங்காது. பி.ஜி. அக்கா எந்தக் கைக்காயத்துக்கும் இந்தக் கேள்விகளை எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் சிரிஞ்சைத் தருவார்.

மரத்துப்போகும் மருந்திலும் ஒரு கணக்கு. 2 சதவீத லிக்னோகெய்ன் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம். அட்ரினலின் சேராததைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 150 மில்லிகிராம், அதாவது ஏழரை மில்லிதான். நீளக் காயத்துக்கு இது போதாது. சம அளவு சலைன் கலந்து 1 சதவீதம் ஆக்கினால் 15 மில்லி கிடைக்கும். மரத்துப்போவதில் குறையும் இருக்காது. ஊசியை நல்ல தோலில் குத்தாமல் காயத்தின் உட்கரை வழியாக நுழைத்து, மெல்ல, மிக மெல்ல மருந்தைச் செலுத்தினால் வலி பாதியாகக் குறையும். வேகமாகச் செலுத்தும்போது தோல் விரிவதுதான் எரிச்சல். இதைச் சொல்லித்தந்தவரும் சிஸ்டர்தான்: “அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே போடுங்க, காயத்தைப் பார்க்காதீங்க.”

இனித் தையல். நூலின் எண் தலைகீழ்க் கணக்கு: சுழியம் கூடக் கூட நூல் மெலியும். தலைக்கும் உள்ளங்காலுக்கும் 2-0, கைகாலுக்கு 3-0 அல்லது 4-0, முகத்துக்கு 5-0 அல்லது 6-0. தோலுக்கு நைலான், வழுவழுப்பான ஒற்றை இழை, கிருமி தங்க இடுக்கு இல்லை. பட்டு நூல் கைக்கு இதமானது, முடிச்சு நழுவாது, ஆனால் பின்னிய இழை. அழுக்கான காயத்தில் இழைகளுக்கிடையே கிருமி குடியேறும். உள்ளே கரைய வேண்டிய இடத்துக்கு விக்ரில். இரண்டு மூன்று வாரம் தாங்கி, இரண்டு மாதத்தைச் சற்றே தாண்டிக் கரைந்துபோகும். தோலுக்கான ஊசி முக்கோண வெட்டுமுனை கொண்டது. கூர்மை வளைவின் வெளிப்பக்கம் இருப்பதால் நூல் இழுபடும்போது காயத்தை நோக்கித் தோலை அறுக்காது. குடலுக்கு உருண்டை ஊசி. இரண்டையும் மாற்றி எடுத்தால் சிஸ்டரின் பார்வை ஒன்றே போதும்.

தனித்தனியாகப் போடும் சாதாரணத் தையலைத்தான் முதலில் கற்றோம். கரையிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளி ஊசி இறங்க வேண்டும், அதே தொலைவில் எதிர்க்கரையில் ஏற வேண்டும். இரண்டு கரையும் லேசாக மேல்நோக்கி மலர்ந்து நிற்க வேண்டும். அன்றைக்குப் பார்க்க மேடாக, கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். வடு ஆறும்போது சுருங்கித் தட்டையாகும். அன்றைக்கே தட்டையாகத் தைத்தால் பின்னால் பள்ளமாகும். கரைகள் உள்ளே மடங்கிவிட்டால் தோலின் மேற்புறங்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது. மடங்கும் தோலுக்கு வெர்டிகல் மேட்ரஸ்: முதலில் தொலைவில் குத்தித் தொலைவில் எழுந்து, திரும்பிக் கரையோரம் குத்திக் கரையோரம் வருவது. முழங்கால், முதுகு, கிழவர்களின் தளர்ந்த தோல் ஆகியவற்றில் அது கைகொடுக்கும். தோலுக்கடியில் ஓடி வெளியே நூலே தெரியாமல் முடியும் தையல் ஒன்று உண்டு. என் வயதுக்காரர்கள் படம் எடுத்துப் பகிர்வது அதைத்தான். கத்தியால் சுத்தமாக வெட்டிய அறுவைக்கு அது சரி. கேஷுவாலிட்டியில் வரும் காயத்துக்குத் தனித்தனித் தையலை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஓரிடத்தில் சீழ் வைத்தால் அந்த ஒரு தையலை வெட்டி வழிவிடலாம். ஓடும் தையலில் ஒன்றை வெட்டினால் எல்லாம் போச்சு.

முடிச்சில்தான் நாங்கள் எல்லோரும் அதிகம் கண்டிக்கப்பட்டோம். முதல் சுற்று இரட்டை, அடுத்தது எதிர்த்திசையில் ஒற்றை, அதற்கடுத்தது மறுபடி மாறி. ஒவ்வொரு சுற்றுக்கும் கைகள் மாறிக் குறுக்கிடாவிட்டால் முடிச்சு தட்டையாகப் படியாமல் நழுவும். நைலானுக்குச் சுருட்டி வைத்திருந்த வடிவத்துக்கே திரும்பும் குணம் உண்டு; மூன்று சுற்றோடு நிறுத்தினால் இரவோடு இரவாக அவிழும். நழுவிவிடுமோ என்ற அந்தப் பயத்தில் கை இறுக்கிவிடும். தோல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கினால் அங்கே ரத்த ஓட்டம் இல்லை என்று பொருள். மேலும் காயம் அடுத்த ஓரிரு நாளில் வீங்கும். இன்று சரியாக இருக்கிற நூல் நாளை தோலை அறுக்கும். சிஸ்டர் இதைத் தன் வழியில் சொன்னார்: “பூ கட்டத் தெரியுமா உங்களுக்கு? இறுக்கினா காம்பு அறுந்துடும், தளர்த்தினா பூ உருவிடும். அந்த அளவுதான் இது.” சரத்தில் மல்லிகை வைத்துப் பழகிய கைக்கு அது உடனே புரிந்தது, பூ கட்டாத பையன்களுக்குச் சிஸ்டர் மறுபடி நாலைந்து நோயாளிகளில் காட்ட வேண்டியிருந்தது.

இடத்துக்கு இடம் தோல் வேறு. தலைத்தோல் வெட்டுப்பட்டால் ஊற்றாகக் கொட்டும். கூட வந்தவர்கள் உயிர் போகிறது என்றே அலறுவார்கள். அங்கே ரத்தக்குழாய்கள் இறுகிய நார்த்திசுவில் பிணைந்திருப்பதால் அறுந்தபின் சுருங்கி மூடிக்கொள்ள முடிவதில்லை. தையல்தான் அங்கே ரத்தத்தையும் நிறுத்துகிறது, ஆகவே கொஞ்சம் அழுத்தமாகவே போடலாம். புருவத்தில் அடிபட்டால் முடியை மழிக்கவே கூடாது. இரண்டு கரையையும் நேராகப் பொருத்த அந்த முடிவரிசைதான் அடையாளம்; தவிர, மழித்த புருவம் சீராக வளரும் என்று நம்பவும் முடியாது. உதடு கிழிந்தால் முதல் தையல் சிவப்பும் தோலும் சந்திக்கும் கோட்டில்தான். மருந்து ஊசி போட்டால் உதடு வீங்கி அந்தக் கோடு கலைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே பேனாவால் இரண்டு கரையிலும் புள்ளி வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குத் தெரியும்.

எதைத் தைக்கக் கூடாது என்பதைக் கற்கத்தான் அதிக காலம் எடுத்தது. எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து வாடிவாசல் திறக்கும். மாட்டுக்கொம்பு குத்திய காயம் வெளியே சின்னத் துளையாகத் தெரியும். இரண்டு தையல் போட்டால் மூடிவிடும்போல் இருக்கும். கொம்பு உள்ளே போனபின் மாடு தலையை ஆட்டியிருக்கும். ஒரே துளைக்குள் இரண்டு மூன்று திசையில் குகைபோல வழி போயிருக்கும், மண்ணும் துணி நூலும் உள்ளே திணிந்திருக்கும். அதை மேலே மூடுவது சீழைப் பூட்டி வைப்பதற்குச் சமம். விரித்துத் திறந்து, செத்த சதையை வெட்டி எடுத்து, கழுவி, பெரும்பாலும் திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் மூடுவார்கள்.

நாய்க்கடி இன்னும் சங்கடம். கன்னத்தில் கடிபட்ட மகனோடு வந்த ஒரு தாய், “ரத்தம் ஒழுகுது டாக்டரம்மா, ரெண்டு தையல் போட்டு விடுங்க, சும்மா ஊசி மட்டும் குத்துறீங்களே” என்று அழுதார். சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவுவதும், காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் இம்யூனோகுளோபுலின் செலுத்துவதும்தான் அங்கே உயிர் காக்கும் வேலை. ஊசியால் குத்தித் தைத்தால் வெறிநோய்க் கிருமி நரம்பு முனைகளுக்குப் புது வழி பெறலாம். முகம் என்பதால் தவிர்க்க முடியாவிட்டால், இம்யூனோகுளோபுலின் போட்டுச் சில மணி நேரம் விட்டபின், தளர்வாக ஓரிரு தையல். அந்தத் தாய்க்கு அக்கா பொறுமையாக விளக்கினார். அவர் முழுதாகச் சமாதானம் ஆனதுபோல் தெரியவில்லை.

காயம் பட்டு ஆறு மணி நேரத்துக்குள் தைக்க வேண்டும் என்ற விதி 1898-இல் ஃப்ரீட்ரிக் என்ற ஜெர்மானியர் கினிப் பன்றிகளில் செய்த சோதனையிலிருந்து வந்தது. இன்றைக்கு அதைக் கடிகாரம் பார்த்து யாரும் பின்பற்றுவதில்லை. ரத்த ஓட்டம் மிகுந்த முகத்தைச் சுத்தமாக இருந்தால் மறுநாள்கூடத் தைக்கிறோம். சாக்கடையில் மிதித்து வெட்டுப்பட்ட காலை ஒரு மணி நேரத்தில் வந்தாலும் யோசிக்கிறோம். சுஸ்ருதர் இதையும் சொல்லி வைத்திருக்கிறார்: தூசி, முடி, உடைந்த எலும்பு ஆகியவற்றை நீக்காமல் தைத்தால் சீழ் பிடிக்கும், நஞ்சு பட்ட காயத்தைத் தைக்காதே. சிஸ்டர் அவரைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

கூட வருகிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு. “எத்தனை தையல்?” ஊரில் காயத்தின் பெருமை தையலின் எண்ணிக்கையில் இருக்கிறது. அடிதடி வழக்கென்றால் கேள்வி இன்னும் அழுத்தமாக வரும். விபத்துப் பதிவேட்டில் எண்ணிக்கை கூடினால் எதிராளிக்குத் தண்டனை கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் தையலை எண்ணுவதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு கொடுங்காயத்தை எலும்பு முறிவு, பார்வை அல்லது செவிப்புலன் இழப்பு, முகத்தில் நிரந்தர விகாரம், உயிருக்கு ஆபத்து, 15 நாள் கடும் வலி போன்றவற்றை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. பதிவேட்டில் நாங்கள் எழுத வேண்டியது காயத்தின் நீளம், அகலம், ஆழம், கரை எப்படி இருக்கிறது, எந்த இடம் என்பவை. அரிவாள் வெட்டின் கரை சீராக இருக்கும். கட்டையால் அடித்துப் பிளந்த தோலின் கரை நசுங்கி, நடுவில் நார் இழைகள் அறுபடாமல் பாலம் கட்டி நிற்கும். தைத்துவிட்டால் இந்தச் சாட்சியம் அழிந்துவிடும். அளந்து எழுதிவிட்டுத்தான் ஊசியை எடு என்று சார் சொன்னது அதனால்தான்.

நம் தையலை நாமே பிரிக்க வேண்டும் என்பதும் சார் வைத்த வழக்கம். முகத்தில் மூன்று முதல் ஐந்து நாள், தலையில் ஏழு முதல் பத்து, கைகாலில் பத்து முதல் பதினான்கு. முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் வெட்டி, காயத்தின் மேலாக இழுக்க வேண்டும். வெளியே காய்ந்து அழுக்கேறிய நூல் உள்வழியே போகக் கூடாது, ஆறிய கரையும் விரியக் கூடாது. புறநோயாளிப் பிரிவில் வரிசையில் வந்த வடுக்கள்தான் எங்கள் விடைத்தாள். ஏணிப்படிபோலக் குறுக்குத் தழும்பு இருந்தால் இறுக்கியிருக்கிறார்கள், அல்லது பிரிக்கத் தாமதமாகியிருக்கிறது. பிரித்துவிட்டோம் என்பதால் ஆறிவிட்டது என்றும் அர்த்தமில்லை. முதல் வாரத்தில் காயத்துக்கு வலுவே கிடையாது என்று சொல்லலாம். மாதங்கள் கழித்தும் பழைய தோலின் எண்பது சதவீத வலுவைத்தான் எட்டும். நாற்று நடப் போகலாமா, பாரம் தூக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புவோம். பெரும்பாலும் மறுநாளே போய்விடுவார்கள்.

இப்போது பெரிய தியேட்டரில் இருக்கிறேன். வயிற்றைத் திறந்து மூடுவதில் தோலுக்கடியில் இருக்கும் வெள்ளைப் படலத்தைத் தைப்பதுதான் உயிர்நாடி. தைத்த நூலின் நீளம் வெட்டின் நீளத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்று ஜென்கின்ஸ் 1976-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அறுவைக்குப் பின் வயிறு உப்பினால் வெட்டும் நீளும். நூலில் அதற்கு இடம் இல்லாவிட்டால் படலம் கிழியும். நாங்கள் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிக் குத்தவே கற்பிக்கப்பட்டோம். நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகச் சின்னச் சின்னதாகக் குத்தினால் ஓராண்டில் குடலிறக்கம் 21 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைவதைக் காட்டியது. சார் அதற்குப் பிறகு மாறிவிட்டவர். தைக்கும் வேலை இன்னும் அக்காவுடையதுதான். 20 சென்டிமீட்டர் வெட்டு என்றால் 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நூல் உள்ளே போயிருக்க வேண்டும். ட்ரேயில் மிஞ்சிய துண்டுகளை ஸ்கேலில் வைத்து அளந்து, மொத்த நீளத்தில் கழித்து, கேஸ் ஷீட்டில் எழுதுவது என் பொறுப்பு. கணக்கு நான்குக்குக் கீழே வந்தால் சார் அக்காவைக் கேட்பார், அக்கா என்னை மறுபடி அளக்கச் சொல்வார்.